முனியாண்டிப் பாறைக்குக் கான் வெட்டிய கதை

இதை வாசிக்கும் உங்களை நான் சாட்சியாக அழைக்கிறேன். நடுவராக அழைத்தால் நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். சாட்சிக்கு அந்தச் சுமை இல்லை. நான் சொல்வதைக் கேட்டு, கடைசியில் நான் வாய்விட்டுச் சொன்ன ஒரு சொல்லை நினைவில் வைத்திருந்தால் போதும்.

இலங்கை மலைநாட்டில், பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டம். அதன் கடைசி லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின், கடைசிக் காம்பரா அறையில் என் அக்காவும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள். மச்சான் கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறார். மாதத்துக்கு ஒருமுறை வந்து போவார். காம்பராவுக்குப் பின்னால் அக்கா தன் கையாலேயே கல் சுமந்து கட்டிய ஒரு சமையலறை. அதற்குப் பின்னால் ஒரு மண்மேடு. மண்மேட்டின் மேலே முனியாண்டிப் பாறை. அந்தப் பாறை நிற்குமா, சரியுமா என்பதுதான் வழக்கு.

நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். பாடசாலைக் காலம் முதல் விவாத மேடைகளில் பேசி வருகிறேன். அட்டனிலும் நுவரெலியாவிலும் எங்கள் அணிக்கு எதிரே அமர்ந்தவர்கள் பெரும்பாலும் இரண்டாம் பரிசோடு வீடு திரும்பியிருக்கிறார்கள். இதைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். உழைத்துப் பெற்றதை ஒளிப்பது பணிவாகாது.

முதலில் பாறையைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரே கல் அல்ல. தொழிற்சாலையில் அட்டி போட்டு வைத்திருக்கும் தேயிலைச் சாக்குகளைப் போல, படை மேல் படையாக, ஒரு பக்கம் சற்றுச் சரிந்து கிடக்கும். சில படைகள் வெள்ளையானவை, கடினமானவை. அலவாங்கு என்ற கடப்பாரையால் குத்தினால் தீப்பொறி பறக்கும். அவற்றுக்கு இடையே உள்ளவை மஞ்சளும் செம்மையும் கலந்த மென்படைகள். நகத்தால் சுரண்டினாலே உதிரும். உதிர்ந்த பொடியில் மின்னுகிற செதில்கள் இருக்கும். சிறுவயதில் அதை உள்ளங்கையில் தேய்த்துக்கொண்டு, எங்களுக்குப் பொன் கிடைத்துவிட்டதாக லயம் முழுவதும் ஓடித் திரிந்திருக்கிறோம்.

பாடப்புத்தகம் இரண்டு சொற்களைப் பிரித்துச் சொல்லும். கல் இருந்த இடத்திலேயே உக்கி உதிர்ந்துபோவது வானிலையாலழிதல். உக்கியதை நீரோ காற்றோ எடுத்துச் செல்வது அரிப்பு. எங்கள் பாறையில் முதலாவது வேலை வருடம் முழுவதும் சத்தமில்லாமல் நடக்கும். நீர் மென்படைக்குள் இறங்கி, அதன் கனிமங்களைக் களிமண்ணாக மாற்றும். வெயிலும் பனியும் வேர்களும் வெடிப்பை அகலப்படுத்தும். இரண்டாவது வேலை மழைக்காலத்துக்குரியது. களி கழுவப்பட்டுப் போகும். மேலே இருக்கும் வெண்படை, தாங்கக் கீழே ஒன்றுமில்லாமல், வீட்டுத் தாழ்வாரம் போல வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு நாள் தன் பாரத்தாலேயே முறிந்து விழும். அப்படி எப்போதோ விழுந்த கல் ஒன்று தண்ணீர்க் குழாயடியில் கிடக்கிறது. அதன் மேல்தான் பெண்கள் வாளியை வைப்பார்கள். துணியையும் அதில்தான் அடித்துத் துவைப்பார்கள். அது மேலேயிருந்து வந்தது என்பதை யாரும் நினைப்பதில்லை.

மலைநாட்டில், படிவுகள் இறுகி உண்டாகும் அடையற் பாறை இல்லை என்று பரீட்சையில் எழுதினால் புள்ளி கிடைக்கும். அது சரியான விடைதான். எனினும் எங்கள் பாறைகளில் ஒரு பகுதி, மனிதன் என்ற பேச்சே இல்லாத காலத்தில், நீரடியில் மணலாகவும் சேறாகவும் படிந்தவை. பிறகு பூமியின் ஆழத்துக்குப் போய், அங்கேயுள்ள வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறி மேலே வந்தவை. மணல் வெண்கல்லாக இறுகியது. சேறு மினுக்கும் மென்படையாயிற்று. உரு மாறினாலும் அடுக்கு முழுவதும் அழிந்துவிடவில்லை.

இதை நான் நம்புவதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. ஒரு விவாதப் போட்டிக்காகப் போனபோது, கடற்கரையில் அசல் அடையற் பாறையை முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தேன். சுண்ணக்கல். உள்ளே சிப்பிகள் பதிந்திருந்தன. மழைநீர் அதைக் கரைத்துக் குழியும் குகையுமாக ஆக்கியிருந்தது. எங்களை அழைத்துப் போன எதிரணி மாணவன் சிரித்துக்கொண்டே, “உங்கட மலைக் கல்லும் இப்பிடிக் கரையுமோ?” என்று கேட்டான். “கரையாதுங்க. கழண்டு நம்ம தலையில விழும்” என்றேன். மறுநாள் மேடையிலும் நாங்களே வென்றோம்.

இனி முனியாண்டி. பாறையின் நடுவே ஒரு மென்படை முழங்கை ஆழத்துக்கு உக்கிக் கழுவப்பட்டு, ஒரு மாடமாக ஆகியிருந்தது. மேலே வெண்கல் கூரை. கீழே வெண்கல் தரை. யாரும் செதுக்காத அந்த இடத்தில் எங்களுக்கு முந்தியவர்கள் ஒரு சூலத்தை நட்டு வழிபட்டார்கள். மாடத்தின் பின்சுவரிலிருந்து எப்போதும் நீர் கசியும். அது சூலத்தின் மேல் சொட்டி, பூசாரி வைத்திருக்கும் குடத்தில் விழும். பூசாரி எங்கள் லயத்துக்கு அடுத்த லயத்தில் இருப்பவர். வாரநாட்களில் மலையில் வேலை, வெள்ளிக்கிழமை மாலையில் பூசை. “ஒலகத்துல எல்லாச் சாமியையும் பூசாரிதான் குளிப்பாட்டணும். நம்மாளு தானாக் குளிச்சுக்குவாரு” என்று அடிக்கடி சொல்லுவார்.

கடந்த சித்திரைத் திருவிழாவுக்கு முன், தோட்டத்தில் பிறந்து கொழும்பில் வியாபாரம் செய்யும் ஒருவர் சாமிக்கு டைல்ஸும் சீமெந்தும் அனுப்பி வைத்தார். கோயில் கமிட்டிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. மாடத்தின் உட்புறம் தொடங்கி, பாறையின் அடி வரைக்கும், ஒரு வெடிப்பு விடாமல் சீமெந்தால் அடைத்து, நீலப் பூப்போட்ட வெள்ளை டைல்ஸ் பதித்தார்கள். சாமிக்குச் சாத்தும் பட்டில் இனிப் பூஞ்சணம் பிடிக்காது, விளக்கு அணையாது என்று சொன்னார்கள். அடிவரிசையில் உபயகாரரின் பெயர் பொறித்த கறுப்புக் கல் ஒன்றும் பதிக்கப்பட்டது. மேசன் அதற்குத் தேர்ந்தெடுத்த இடம், உளி சுலபமாக இறங்கிய இடம். அதாவது மிகவும் உக்கிப்போன மென்படை.

இதைச் செய்தவர்கள் நீரின் குணம் அறியாதவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். தேயிலை மலையில் சரிவுக்குக் குறுக்கே வெட்டப்படும் வடிகாலுக்குக் கான் என்று பெயர். கான் வெட்டுவதும் மண் அள்ளுவதும் எங்கள் ஆண்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் வேலை. ஒரு கான் அடைபட்டால், மழை வருவதற்கு முன்பே கங்காணியின் ஏச்சு வந்துவிடும். அதே கைகள்தாம் இந்தப் பாறையை அடைத்தன. மலை என்றால் கான் வேண்டும். சாமி என்றால் சுத்தமாக, உலர்ந்து, பளபளப்பாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே மலைதான் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி இருக்கும் இடத்தை மலையாகப் பார்க்கும் பழக்கம் எங்களிடம் இல்லை.

வைகாசியில் மழை பிடித்தது. நான் விடுமுறைக்கு வந்திருந்தேன். மாடத்தில் ஒரு சொட்டு நீரும் இல்லை. கமிட்டித் தலைவர் வருவோர் போவோரையெல்லாம் அழைத்துக் காட்டினார். அவர் தொழிற்சாலையில் வேலை செய்பவர். தோட்டத்துக்கு எது நல்லது என்றாலும் முன்னால் நிற்பவர். “பாத்தீங்களா? வெளிய இந்தப் பேய் மழ பெய்யுது. உள்ள சாமி சும்மா ஹோட்டல் ரூம்ல இருக்குற மாதிரி இருக்காரு” என்றார்.

அடுத்த சில நாட்களில் அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“தம்பி, இங்க வந்து பாரு. செவுரு தேத்தண்ணி ஊத்துது.”

பின்சுவரின் அடியில், கற்களுக்கு இடையே, பழுப்பு நிற நீர் வந்துகொண்டிருந்தது. அடுப்படி முழுவதும் சேறு. அந்த நீரைக் கையில் ஏந்தி விரல்களுக்கிடையே தேய்த்தேன். வழவழப்பான களி, அதனுள்ளே மின்னும் செதில்கள். அது மேட்டு மண் அல்ல; மேலேயுள்ள மென்படை. தெளிந்த நீர் கசிந்தால் பாறை மூச்சு விடுகிறது என்று விட்டுவிடலாம். கலங்கிய நீர் வந்தால் பாறை தன்னுள்ளிருந்து எதையோ இழக்கிறது என்று பொருள். வழியை அடைத்துவிட்டதால் நீர் சீமெந்துக்குப் பின்னால் தேங்கி, களியைக் கரைத்து, மண்மேட்டுக்குள் இறங்கி வருகிறது. மேலேயிருக்கும் வெண்படைக்கு அடியில் பள்ளம் விழுகிறது. இவற்றையெல்லாம் அக்காவிடம் சொன்னேன்.

“சுருக்கமாச் சொல்லு. விழுமா, விழாதா?”

“எப்பன்னு சொல்ல ஏலாது. இப்புடியே வுட்டா விழும்.”

அவள் அடுப்பிலிருந்த பானையை இறக்கி வைத்தாள். “ரெண்டு புள்ளைகளையும் தூக்கிக்கிட்டு நான் எங்கடா போறது? பக்கத்துக் காம்பராவுல ஏற்கனவே ஏழெட்டுப் பேரு. ஒங்க மச்சான் தங்குற எடத்துல ஆம்பளைங்க மட்டுந்தான்.”

அரசாங்கத்தின் கிராம அதிகாரியான கிராம சேவகரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து பார்த்தார். நல்ல மனிதர். மேலிடத்துக்கு அறிவிப்பதாகவும், மழை பலத்தால் உடனே பாடசாலைக் கட்டடத்துக்குப் போய்விடும்படியும் சிங்களத்தில் சொன்னார். பார்வையிட ஆட்கள் வரச் சுணங்கும் என்பதையும் மறைக்கவில்லை. இடையில் செய்யக்கூடியது ஒன்றே: சீமெந்தைத் திறந்து நீருக்கு வழி விட வேண்டும். ஆனால் அது சாமியின் இடம். கமிட்டி சம்மதிக்காமல் அங்கே எவரும் ஓர் ஆணியைக்கூட அடிக்க முடியாது.

ஆகவே கமிட்டியைக் கூட்டச் சொன்னேன். பேசுவதற்கு என்னை யாரும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, பிள்ளைக் காம்பராவில் கூட்டம். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. கமிட்டியினர் குழந்தைகளின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் நெஞ்சைத் தொட உட்கார்ந்திருந்தார்கள். வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். நான் எழுந்து, கூட்டத்தை ஒருமுறை பார்த்து, மூச்சை நிறுத்தி, பிறகு தொடங்கினேன்.

“அவையோரே! நீங்கள் இப்போது அமர்ந்திருப்பது மலையின் மேலே என்று நினைக்கிறீர்கள். இல்லை. ஒரு பழைய கடலின் அடியிலே அமர்ந்திருக்கிறீர்கள்!”

வாசலிலிருந்து ஒரு குரல்: “அப்ப மீனு கெடைக்குமா தம்பி? கருவாடு விக்கிற வெலையில வாங்க முடியல!”

சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தேன். மேடையில் அதுவும் ஒரு பாடம். பிறகு படிந்த மணலைச் சொன்னேன், இறுகிய படையைச் சொன்னேன், நீரின் பொறுமையைச் சொன்னேன். “கல்லை வெல்வது இரும்பன்று, கசியும் நீர்!” என்று குரலை உயர்த்தினேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி, அந்தப் பாறையின் கீழே உறங்கும் இரண்டு குழந்தைகளைச் சொன்னேன். ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் முடித்ததும் எழுந்த கைதட்டலைப் போல எந்தப் போட்டியிலும் நான் கேட்டதில்லை.

தலைவர் எழுந்து, திருவிழாவில் மீந்திருந்த பொன்னாடை ஒன்றை எடுத்துவரச் சொல்லி, எனக்குப் போர்த்தினார். “நம்ம தோட்டத்துப் புள்ள. டீவியில பேசுறவங்க தோத்தாங்க” என்றார். எல்லோருக்கும் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் வந்தன. கூட்டம் கலைந்தது.

பொன்னாடையோடு அக்காவின் வாசலுக்கு வந்தேன். அவள் சுவரடியில் சாக்கு விரித்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாப் பேசுனியாமே. இப்பதான் சொல்லிட்டுப் போறாங்க.”

“ஆமாக்கா. எல்லாரும் கை தட்டுனாங்க.”

“சரி. டைல்ஸ எப்ப எடுக்குறாங்க?”

“அதப்பத்தி... இன்னும் முடிவெடுக்கல.”

“அப்ப அந்தக் கைதட்டலக் கொண்டாந்து இந்தச் செவுத்துல பூசி வுடு. ஒழுகுறது நிக்குதான்னு பாப்போம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சாக்கை இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள். விவாத மேடையில் கைதட்டல் நடுவரின் காதில் விழும்; நடுவர் ஒரு முடிவை அறிவிப்பார். பிள்ளைக் காம்பராவில் நடுவர் இல்லை. அங்கே நல்ல பேச்சுக்குக் கொடுக்க வேண்டிய மரியாதையை முழுமையாகக் கொடுத்துவிட்டு, வயிறு நிறைந்தவர்களைப் போல அவர்கள் வீடு திரும்பியிருந்தார்கள்.

அன்று மாலையே தலைவரின் இஸ்தோப்புத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன். இம்முறை பேசவில்லை, கேட்டேன்.

“சொல்லுங்க அண்ணே. டைல்ஸ எடுப்பீங்களா, மாட்டீங்களா?”

அவர் நெற்றியைத் தடவினார். “எனக்குப் புரியாம இல்ல தம்பி. அந்தப் புள்ள வூட்டுல சேறு வர்றத நானும் போயிப் பாத்தேன். ஆனா நாளைக்கு அந்த மனுசன் கொழும்புலேருந்து வந்து, ‘என் உபயத்த ஏன்யா ஒடச்சீங்க’ன்னு கேட்டா, நாந்தானே மூஞ்சியக் காட்டணும்? நாம முடிவெடுத்தா நம்மளக் கேப்பாங்க. சாமி முடிவெடுத்தா யாரும் கேக்க ஏலாது. வெள்ளிக்கெழம பூ போட்டுப் பாத்துருவோம்.”

பூப்போட்டுப் பார்ப்பது எங்களிடையே எல்லாப் பெரிய காரியத்துக்கும் உண்டு. ஒரு வெள்ளைப் பூவையும் ஒரு சிவப்புப் பூவையும் தனித்தனியே இலைத் துண்டில் மடித்துக் கட்டி, சாமியின் முன் குலுக்கிப் போடுவார்கள். ஒரு சிறு குழந்தை ஒரு பொட்டலத்தை எடுத்துக் கொடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை.

வாதத்தால் வெல்லப் பழகியவனுக்கு அது எளிதாக இறங்கவில்லை. பாதிக்குப் பாதி வாய்ப்பில் மூன்று உயிர்களை வைப்பதா என்று தலைவரிடம் கேட்டேன். “இப்ப ஒங்கிட்ட இருக்குறது அதுவும் இல்லியே தம்பி” என்றார். கணக்கில் அவர் சொன்னது சரி.

வெள்ளிக்கிழமை மழை சற்று விட்டிருந்தது. லயத்தில் பாதிப் பேர் பாறையடியில் கூடிவிட்டார்கள். பூசாரி ரோசாப் பூக்களைக் கட்டிப் போட்டார். “சாமி, ஒன் வாசல்ல ஒட்டுன டைல்ஸ ஒடைக்கலாமா? உத்தரவு குடு” என்று உரக்கக் கேட்டார். எடுப்பதற்கு நான்கு வயதுள்ள ஒரு பிள்ளையைத் தேடினார்கள். அக்காவின் மகளே அருகில் நின்றாள். அவளைத் தூக்கி மாடத்தின் முன் நிறுத்தினார்கள்.

அவள் இரண்டு பொட்டலங்களையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்து, ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்தார். சிவப்பு.

அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பிள்ளை மட்டும் மகிழ்ச்சியாக, “எனக்கு! எனக்கு!” என்று அந்த ரோசாவை வாங்கித் தலையில் செருகிக்கொண்டாள். அக்கா அவளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, “சரி, வா. போயி சாமான்களக் கட்டி வைப்போம்” என்று திரும்பினாள்.

எனக்குக் கிடைத்த நேரம் அவள் படியிறங்கும் நேரம் மட்டுமே. விவாதத்தில் முதலில் கற்றுக்கொடுப்பது, எதிரணியின் விடையைத் தாக்குவதற்கு முன் கேள்வியைப் பார் என்பதுதான். கேள்வியைப் பார்த்தேன். டைல்ஸை உடைக்கலாமா என்பதுதான் கேள்வி. கேட்டது அவ்வளவே. மேடைத் தமிழை விட்டுவிட்டு, லயத்தில் பேசுகிறபடியே தலைவரிடம் கேட்டேன்.

“அண்ணே, டைல்ஸ ஒடைக்கக் கூடாதுன்னு சாமி சொல்லிருச்சு. சரி, ஒடைக்க வேணாம். இந்த மலைக்குக் கான் வெட்டலாமா?”

“கானா?”

“ஆமா. மலையில எல்லாம் கான் இருக்கு. நம்ம சாமி மலைக்கு மட்டுந்தான் கான் இல்லாம மூடி போட்டு வச்சிருக்கோம். பாறைக்கு மேல ஒரு கான வெட்டி, வர்ற தண்ணிய ஓடைக்குத் திருப்புவோம். கீழ நாலஞ்சு எடத்துல பைப்பு போற அளவுக்குத் தொளை போட்டு, உள்ள நிக்குற தண்ணிய வெளிய எடுப்போம். டைல்ஸு அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கான் வெட்டுகிற ஒருவர் பாறையின் மேலே அண்ணாந்து பார்த்து, “அட, மெய்தானே? மேல ஒரு கானையும் காணோம்” என்றார். பக்கத்திலிருந்தவர், “இம்புட்டு நாளா ஒன் கண்ணு எங்கய்யா போச்சு?” என்றார். “சாமி கும்புட வந்தா கண்ண மூடிக்கிட்டுல்ல நிக்கிறோம்!” என்றார் முன்னவர்.

தலைவர் தயங்கினார். “அதுக்கு மறுபடியும் பூ போடணுமோ?”

அப்போது பூசாரி குறுக்கிட்டார். “கான் வெட்டுறதுக்கு எதுக்குய்யா பூவு? அதுக்குத் தோட்டத்துத் தொரைகூட பூ போட்டுப் பாக்குறதில்ல. சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க, டைல்ஸ் ஒட்டுனதுலேருந்து சாமிக்கு ஊத்துற தண்ணிய நாந்தான் கொழாயடியிலேருந்து தூக்குறேன். என் முட்டி போச்சு. போன வாரம் அரைக் கொடந்தான் ஊத்துனேன். சாமியக் கேட்டா அதுவே தொளை போடுன்னுதான் சொல்லும்.”

சிரிப்பிலேயே விடயம் முடிவாயிற்று. படியில் நின்றிருந்த அக்கா பிள்ளையை இறக்கி விட்டாள்.

மறுநாள் சனிக்கிழமை. டவுனில் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் கல் துளைக்கும் மெஷினை இரவல் வாங்கி வந்தோம். விடயத்தைக் கேட்டதும் அவர் துண்டுப் பைப்புகளையும் சும்மா கொடுத்துவிட்டார். ஒரு கூட்டம் மேலே போய், பாறையின் தலைப்பக்கத்தில், சரிவுக்குக் குறுக்காகக் கான் வெட்டத் தொடங்கியது. அந்த வேலையை அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதியத்துக்குள் ஓடை வரைக்கும் ஒரு நேர்த்தியான கான் இறங்கிவிட்டது. நாங்கள் கீழே நின்றோம். எந்தப் படையில் துளையிட வேண்டும் என்பதை நான் குறித்தேன். மென்படைக்கும் அதன் கீழுள்ள வெண்படைக்கும் இடைப்பட்ட கோடுதான் நீர் தங்கும் இடம். வெண்படைக்குள் அது இறங்காது. டைல்ஸ்களின் இணைப்பில், பூ உடையாமல், துளை இறங்கியது.

முதல் துளையில் ஒன்றும் வரவில்லை. இரண்டாவதில் ஈரம் மட்டும். “தம்பி, பெரிய பெரிய சொல்லாச் சொன்னீங்களே, தண்ணி எங்க?” என்று மெஷின் பிடித்தவர் கேலி செய்தார். கீழே போகப் போக எனக்கு ஓர் எண்ணம் உறுதியாயிற்று. மேசனின் உளி சுலபமாக இறங்கிய இடத்தில்தான் நீரும் சுலபமாக இறங்கியிருக்கும். உபயக் கல்லைக் காட்டினேன்.

தலைவர் பதறிப்போனார். “ஐயய்யோ, பேருல கை வைக்காதீங்க!”

“பேருல வைக்கலண்ணே. பேருக்குக் கீழ.”

அந்தக் கறுப்புக் கல்லின் அடி விளிம்பை ஒட்டித் துளையிட்டோம். மெஷின் திடீரென்று உள்ளே சரிந்தது. அதை இழுத்ததும், குழாய் திறந்ததுபோலப் பழுப்பு நீர் பாய்ந்து, மெஷின் பிடித்தவரின் மார்பை நனைத்தது. களியும் மினுக்கும் கலந்து வெகுநேரம் வந்தது. பிறகு வேகம் குறைந்தது, நிறமும் வெளுத்தது. கடைசியாக மாடத்தின் பின்சுவரிலும் ஒரு துளை போட்டோம்; பொழுது சாயும் வேளையில் அதிலிருந்து சொட்டு விழத் தொடங்கியது. பூசாரி ஓடிப்போய்க் குடத்தை வைத்தார். உபயகாரருக்குத் தலைவர் தொலைபேசியில் பேசினார். மறுமுனையில் அவர் கேட்டாராம்: “என் பேரு நல்லாத் தெரியுதா?” தெரிகிறது என்றதும் வைத்துவிட்டாராம்.

இத்துடன் நான் வென்றேன் என்று முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் சாட்சி. உங்களிடம் முழுவதையும் சொல்ல வேண்டும். பாறை உக்குவதை நாங்கள் நிறுத்தவில்லை. எவராலும் நிறுத்த முடியாது. மென்படை மென்படையாகவே இருக்கிறது. ஏற்கனவே விழுந்த பள்ளம் வெண்கல்லின் கீழே இருக்கிறது. அதன் ஆழம் எனக்குத் தெரியாது. துளைகள் களியால் அடைபடும். கானில் மண் நிரம்பும். அவற்றைத் திறந்து வைத்திருக்கும்வரை மட்டுமே எங்களுக்கு அவகாசம் உண்டு. மேலிடத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்து, வேறிடத்தில் வீடு கொடுக்கும்வரை அந்த அவகாசம் போதுமா என்பதும் எனக்குத் தெரியாது.

நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்ப வேண்டிய ஞாயிற்றுக்கிழமை, அக்காவின் சமையலறையில் சாப்பிட்டேன். சுவரடியில் நீர் வருவது நின்றிருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை. என்னை வழியனுப்பப் பூசாரியும் தலைவரும் வாசலில் நின்றார்கள். இதையெல்லாம் அக்காவிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

அவள் சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டுவிட்டு, “அப்ப அந்தத் தொளைய யாரு பாக்குறது?” என்றாள்.

“கமிட்டி பாக்கும்” என்றார் தலைவர்.

“கமிட்டி திருவிழாவுக்குத்தான் கூடும், அண்ணே. மழைக்குக் கூடாது.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “நீ நல்லாப் பேசுவ. படிச்சு முடிச்சிட்டு எங்கயாவது பெரிய எடத்துக்குப் போயிருவ. போகணும், நான் வேணாங்கல. ஆனா இந்தப் புள்ளைக இதுக்குக் கீழதான் படுக்குங்க.”

மகள் என் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் கையைக் கழுவிவிட்டு எழுந்து நின்றேன். தலைவரும் பூசாரியும் கேட்கும்படி, வாசலில் நின்ற பக்கத்துக் காம்பராக்காரர்களும் கேட்கும்படி, உரக்கச் சொன்னேன்:

“அக்கா, எல்லாரையும் வச்சுச் சொல்றேன். வருசா வருசம் மழ புடிக்கிறதுக்கு முன்னுக்கு நான் வருவேன். இந்தத் தொளைகள நானே கம்பி விட்டுக் குத்துவேன், மேல கான்ல மண்ண நானே அள்ளுவேன். வர ஏலாத வருசம், ஒரு மழைக்கும் ஒங்கள இங்க வச்சிருக்க மாட்டேன். ஒங்க மூணு பேரையும் நான் இருக்குற எடத்துக்குக் கூப்பிட்டுக்குவேன்.”